காலில் சுற்றிய பொய்

நான் சனிக்கிழமைகளில் என்ன விளையாடுகிறேன் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது, அதை விளையாடுவதைவிடக் களைப்பான வேலை.

"ரக்பியோ?"

"இல்லை."

"அப்ப சொக்கரோ?"

"அதுவும் இல்லை. பந்தைக் காலால அடிக்கலாம், கையால குத்தலாம், பாய்ஞ்சும் பிடிக்கலாம்."

"அப்ப உது விளையாட்டில்லை. கலியாண வீட்டில முதல் பந்திக்கு இடம் பிடிக்கிறது."

இதைச் சொன்னவர் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கம் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்ற பெரியவர். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. சொன்னது மட்டும் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. படித்ததெல்லாம் ஆட்களின் வாயிலிருந்துதான். உடுப்புத் தோய்க்கும் மெசின் திருத்துவது என் தொழில். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. மெசினுக்குப் பின்னால் ஒருவன் படுத்துக் கிடந்தால், வீட்டுக்காரருக்கு அவன் மனிதன் என்பதே மறந்துபோய்விடும். அப்போது அவர்கள் கதைப்பதைக் கேட்கவேண்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். அவர்கள் நாட்டில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ரொறன்ரோவில் அன்று எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேர். என்னை அதற்குள் இழுத்துவிட்டவன் என் கூட்டாளி. என்னைவிட எட்டு வயது இளையவன், கட்டட வேலைத்தலங்களில் வயர் இழுக்கிற எலெக்ட்ரீசியன். அவனோடு வேலை செய்த ஓர் ஆஸ்திரேலியன், அணிக்கு ஆள் காணாது என்று அவனைக் கூப்பிட்டான், அவன் ஆள் காணாது என்று என்னைக் கூப்பிட்டான். நாற்பத்திரண்டு வயதில் நான் களத்துக்குப் போனது அப்படித்தான்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டார். "இஞ்சருங்கோ, தலைக்கு என்னவும் போட்டுக்கொண்டு விளையாடுறதெண்டாப் போங்கோ." பஞ்சு வைத்த தலைத்தொப்பி ஒன்றைத் தானே தேடி வாங்கியும் தந்தார். அதைப் போட்டுக்கொண்டால் எனக்கு ஒரு தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம்தான் பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பஞ்சு தோல் கிழியாமல், காது பிய்யாமல் காக்கும். மண்டைக்குள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. பக்கத்தில் வருகிறவனுடைய மூளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எங்கள் கோச் மெல்போர்னில் பிறந்த ஒரு பெண், தச்சு வேலை செய்பவர். முதல் நாளே எல்லோரையும் புல்லில் இருத்தி வைத்துச் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"பந்து நிலத்தில் கிடக்கிறது. ஒருவன் அதை எடுக்கக் குனிகிறான். எதிரே ஓடிவருகிற உனக்கு மூன்று வழி இருக்கிறது. நீயும் குனிந்து பந்துக்குப் போகலாம். அவன் எடுக்கும்வரை பொறுத்துப் பிடிக்கலாம். இல்லையென்றால் தோளை மடக்கி அவனை இடித்து விலக்கலாம். மூன்றாவதை எடுத்தால் அவனுடைய தலைக்கு என்ன நடந்தாலும் அதற்குப் பொறுப்பு நீ. தற்செயலாய் நடந்தது என்று என்னிடம் வராதே."

பிறகு இன்னொன்றும் சொன்னார். தலையில் அடிபட்டவன் உடனே சொல்லவேண்டும். அவன் சொல்லாவிட்டால் பார்த்தவன் சொல்லவேண்டும். எங்கள் சங்கத்தில் குறைந்தது மூன்று வாரம் விளையாட்டு இல்லை; அதற்குப் பிறகும் டொக்டரின் கடிதம் இல்லாமல் களத்துக்குள் கால் வைக்க ஏலாது.

எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். தொப்பியும் சேர்ந்து ஆடியது.

அடி விழுந்தது ஒரு புதன்கிழமை பின்னேரம். அதற்கடுத்த வாரச் சனிக்கிழமை அரையிறுதி. பயிற்சிக்காக எங்களை இரண்டாகப் பிரித்து விட்டிருந்தார் கோச். என் கூட்டாளி ஒரு பக்கம், நான் மறுபக்கம். பந்து எவனோ ஒருவனின் கையிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. கூட்டாளி அதற்குக் குனிந்தான். நான் எதிரே ஓடிவந்துகொண்டிருந்தேன். எனக்கு நேரம் இருந்தது. இதை நான் பிறகு ஆயிரம் தரம் யோசித்திருக்கிறேன்: குனிய நேரம் இருந்தது, நிற்க நேரம் இருந்தது. நான் தோளை மடக்கினேன்.

மெசினின் மூடி கைதவறி விழுந்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் தோள் அவனுடைய கன்னத்துக்கு மேலே பட்டது. அவன் விழுந்தபோது பின்னந்தலையும் நிலத்தில் மோதியது. சிறிது நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"எத்தினை மணி அண்ணை?"

"ஆறரை."

காலணியின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தினை மணி?"

"இப்பதானேயடா சொன்னனான்."

"ஓம், ஓம்." மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். "எத்தினை மணி அண்ணை?"

மறுமுனையில் நின்ற கோச் நடந்து வந்தார். அவருக்கு நடந்தது தெரியவில்லை. விழுந்து கிடந்ததை மட்டும் கண்டிருக்கிறார். என்ன என்று கேட்டார். அவன் ஒரு கணமும் யோசிக்காமல் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். கால் பிரண்டுவிட்டது என்றான்.

கோச் என்னைப் பார்த்தார். "தலை பட்டதா?"

"இல்லை. கால்தான்," என்றேன்.

அவனுடைய அரையிறுதியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அது உண்மை இல்லை. தலை என்று சொன்னால் அடுத்த கேள்வி, இடித்தது யார் என்பது. அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் என் வாய் ஓடியது.

என் வான் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு வோபர்னில் அவன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவன் தெளிவாகத்தான் கதைத்தான்.

"அண்ணை, தலை எண்டு சொன்னா மூண்டு கிழமை வெளியில. செமி போச்சு. வாற ஞாயிறு யூனியன்வில் போறம், தெரியுமெல்லோ? பொம்பிளை பாக்க. தலையில அடி எண்டு கதை போனா அவை வேற மாதிரி நினைப்பினம்."

"டொக்டரிட்டக் காட்டுவம்."

"எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கால் எண்டு சொன்னது நல்ல வேலை."

அவனுடைய தமக்கை கதவைத் திறந்தார். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். நான் மெதுவாக, தலையும் கொஞ்சம் பட்டது என்றேன். யாருடைய தோள் என்று சொல்லவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் நல்லது என்றேன். எவ்வளவு பலவீனமான குரலில் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

"கிளினிக்குக்கோ? தம்பி, அங்க குந்தியிருக்கிறதில பாதிப் பேர் எங்கட ஊர்ச் சனம். இவன் தலைக்குக் காட்ட வந்தவன் எண்டு ஒராள் கண்டாக் காணும். நாளைக்கு அது பைத்தியத்துக்கு மருந்தெடுக்கிறான் எண்டு முடியும். கால் எண்டு சொல்லியாச்செல்லோ, கால் எண்டே இருக்கட்டும்."

அப்படித்தான் அந்தக் காலுக்குக் கட்டு வந்தது. தமக்கை அவன் வேலையிடத்துக்குப் போன் அடித்து, தம்பிக்குக் கால் பிசகிப் போச்சு என்று சொல்லி அவனை வீட்டில் வைத்துக்கொண்டார். அந்தப் பொய்யில் ஒரு நன்மை இருந்தது. அவன் ஏணி ஏறவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீட்டில் மெசினைப் பூட்டி முடித்த பிறகு என் உள்ளங்கையில் இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. இன்னொரு வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திருகாமலே மெசினைப் போட்டுவிட்டு, அந்த வீட்டு அக்காவின் நிலத்தைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் சொன்னார்: "உந்த மெசின் சத்தம் போடேக்க நான் பயப்பிடேல்லைத் தம்பி. சத்தம் நிண்ட பிறகுதான் பயப்பிட்டனான்." வேறு நாளென்றால் அதை ரசித்து மனைவிக்குப் போய்ச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வானுக்குள் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவனுக்குப் போன் அடித்தேன். "நித்திரை வருது அண்ணை," என்றான். வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொன்னான். வேலை இல்லாத தெருவால் சுற்றிப்போய் அவன் வீட்டைக் கடந்தேன். மூன்று தரம். மூன்று தரமும் யன்னல் திரை மூடியிருந்தது.

ஞாயிறு பின்னேரம் யூனியன்வில் போக அவர்களுக்கு ஒரு ஓட்டுநர் தேவைப்பட்டார். கால் பிசகினவன் கார் ஓட ஏலாதல்லவா. தமக்கை ஓடமாட்டார். ஆக, நாங்கள் சொன்ன பொய்யே என்னை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. பெண் பார்ப்பது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சும்மா ஒரு தேத்தண்ணிக்கு என்றுதான் எங்கள் ஆட்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சும்மாவுக்குப் பட்டுச் சேலையும் இரண்டு தட்டுப் பலகாரமும்.

வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதுதான் பார்த்தேன். கட்டு இடது காலில் இருந்தது.

தமக்கை உள்ளே போய்விட்டார். நான் குனிந்து அவன் காதுக்குள் சொன்னேன். "டேய், வலதெல்லோ? கோச்சுக்கு வலது கால் எண்டெல்லோ காட்டினனீ?"

அவன் என்னைப் பார்த்தான். பகிடிக்குப் பார்க்கிற பார்வை இல்லை.

"நான் எப்ப கோச்சோட கதைச்சனான்?"

"வானுக்குள்ள என்ன கதைச்சனாங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"வானுக்குள்ளயோ? நான் என்ர காரிலயெல்லோ போனனான்."

அவனுடைய கார் இன்னமும் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. இதற்கிடையில் வீட்டுக்குள்ளிருந்து, "வாங்கோ, வாங்கோ, ஏன் வாசலில நிக்கிறியள்?" என்று குரல் வந்துவிட்டது.

அந்த வீட்டின் உட்கூரை முழுக்க லைட்டுகள். தொலைக்காட்சியில் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். சமையலறையில் மிக்ஸி ஓடியது. அவன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டான். கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொன்னான், ஒரு மூச்சுப் பிந்தி. பெண்ணின் தாய்மாமன் கட்டைக் காட்டி, "கனக்க நோகுதோ தம்பி?" என்றார். அவன் எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று தேடினான். "நித்திரை கொள்ளேக்க நோகாது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பகிடிக்காரப் பெடியன் என்று நினைத்திருப்பார்கள். தமக்கையும் சிரித்தார், கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவனுக்கு நீட்டும்போது ஒரு கணம் நின்றார். "ஆர் யூ ஓகே? லைட்டைக் குறைக்கட்டா?" மறுமொழிக்குக் காத்திருக்காமல் சுவருக்குப் போய்க் குறைத்தும் விட்டார். அந்த வீட்டில் அவன் கண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே காற்று வாங்கவேண்டும் என்றான். நான் பின்னால் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்னை ஆர் இடிச்சது?"

எங்களோடு விளையாடுகிற உயரமான ஓர் ஐரிஷ்காரனின் பெயர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது என்பதை மறைக்கமாட்டேன். பெயர் சொன்னால் அவன் நம்பியிருப்பான்.

"நான்தான்."

"நீங்களோ? உந்த வயித்தோடயோ?" சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். வீதிப் பக்கம் திரும்பினான்.

"நான் குனிஞ்சு நிண்டனானோ?"

"ஓம்."

"நீங்கள் பந்துக்குப் போயிருக்கலாமோ?"

"போயிருக்கலாம். நேரம் இருந்தது."

"பேந்து ஏன் அண்ணை?"

தொப்பி, தைரியம், ஓடிவந்த வேகம் என்று எதையோ சொல்லத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"சரி. விடுங்கோ. நடந்தது நடந்துபோச்சு. எனக்கு ஒண்டு செய்யுங்கோ. கோச்சிட்டச் சொல்லாதேங்கோ. சனிக்கிழமை நான் விளையாடோணும். மூண்டு வருசமா உந்தச் செமிக்கெண்டு ஓடினனான். இடிச்சது நீங்கள்தானே, அதையாவது செய்யுங்கோ."

கேட்டது பெரிதில்லை என்பதுபோலக் கேட்டான். நானும் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு அவர்களைத் திரும்ப வோபர்னில் இறக்கி, என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து சாப்பிடாமல் எழும்பினேன். மனைவி என்ன என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் என் சாப்பாட்டை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "சனிக்கிழமை அவன் விழுந்தா ஆர் தூக்கிறது? நீங்களோ?"

திங்கள் காலையில், திருத்தப் போன ஒரு வீட்டின் வாசலில் வானை நிறுத்திவிட்டுக் கோச்சுக்கு அடித்தேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கால் பொய். தலைதான். இடித்தது நான். நீங்கள் கேட்டபோது இல்லை என்றதும் நான்.

அந்தப் பக்கம் மரம் அறுக்கிற வாள் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எத்தனை நாள்?"

"ஐந்து."

"ஐந்து நாளாக அவனை யாரும் பார்க்கவில்லையா?"

"கட்டுப் போட்டிருக்கிறார்கள்," என்றேன். "காலுக்கு."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனை இன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். சனிக்கிழமை அவன் பெயர் இருக்காது. உன் பெயரும் இருக்காது, உனக்கு அதற்குப் பிறகு எத்தனை ஆட்டம் தடை என்பதைச் சங்கம் சொல்லும் என்றார். கடைசியாக, "அவன் சொல்லாதே என்றானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதனால்தான் அதை அவர்களிடம் விடுவதில்லை," என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே ஒரு அம்மா மெசினுக்குக் காத்திருந்தார். நான் முதலில் தமக்கைக்கு அடித்தேன்.

அவர் ஏசினார். "தம்பி, இடிச்சதும் நீர், மறைச்சதும் நீர், காட்டிக் குடுத்ததும் நீர். எங்களுக்கெண்டு ஒரு வேலையும் மிச்சம் வைக்கேல்லையே!"

"அக்கா, என்னைப் பேந்து எவ்வளவும் ஏசுங்கோ. இண்டைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவனுக்கு எந்தக் கால் எண்டே தெரியேல்லை."

"அந்தக் கட்டு நான் கட்டேல்லை," என்றார். "அவன் தானாத்தான் கட்டினவன். அண்டைக்கு வெளிக்கிடேக்க ரெண்டு தரம் அவிட்டு, ரெண்டு காலிலயும் மாறி மாறிக் கட்டினவன். நான் பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி." அன்றைக்கு மத்தியானமே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊர்ச் சனம் இருக்கிற அதே கிளினிக்குக்கு.

கன்கஷன்தான், மூளை குலுங்கிய அடி. அவன் இருட்டில் இருக்கவேண்டும், போனைப் பார்க்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, ஓடக்கூடாது. பின்னேரம் தமக்கை எனக்கு அடித்து இவ்வளவையும் சொன்னார். ஆறுவதற்கு முன் இன்னொரு அடி பட்டிருந்தால் என்று டொக்டர் தொடங்கினாராம். முடிக்காமல் அவனுடைய முகத்தைப் பார்த்தாராம். யூனியன்வில்லில் இருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை என்றும் சொன்னார். அதை இப்போது யார் கேட்டது என்பது மாதிரி ஒரு குரலில்.

அவன் என்னோடு கதைக்கவில்லை. ஒரேயொரு செய்தி வந்தது, தமக்கையின் போனிலிருந்து: "ஓம் எண்டு சொன்னனீங்கள்."

சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போகவில்லை. போகாமல் வீட்டில் இருக்கவும் ஏலவில்லை. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வோபர்னில் அவன் வீட்டு வாசலில் வானை நிறுத்தினேன். மணி அடிக்கத் துணிவில்லை. படியில் இருந்தேன். நல்ல வெயில். எத்தனையோ நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலில் கட்டு இல்லாமல் வந்து, நிழல் இருந்த மூலையில் நின்றான்.

"மட்ச் என்னாச்செண்டு போனில பாத்துச் சொல்லுங்கோ. எனக்குப் பாக்கக் கூடாதாம்."

அணியின் வாட்ஸப் குழுவில் வந்திருந்ததைப் பார்த்தேன். ஒன்பது புள்ளிகளால் தோற்றுவிட்டோம். சொன்னேன்.

"நான் நிண்டிருந்தா வெண்டிருப்பம்."

"ஓம்."

"நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தா நான் நிண்டிருப்பன்."

"ஓம்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். என் முகத்தில் அறைந்து சாத்தத்தான் விரும்பியிருப்பான். மெதுவாகத்தான் சாத்தினான், சத்தத்தை அவன் தலை தாங்காது.